மறு: பிளீட்டுக்கு ‘கசிவு’ வேண்டாமே

> பிளீட் = கசிவு. அகராதியிலயே இருக்கு, இதுக்கு மேல என்ன விவாதம்?

ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அச்சுல வெட்டற கோட்டைத் தாண்டி வெளிய ஓடவிடற நிறம்தான் பிளீட் (bleed), அதுக்குத்தான் தமிழ்ல ஒரு சொல் தேடறோம். ‘கசிவு’ அகராதிப்படி சரிதான், ஆனா சேலத்துல ஏதாவது ஒரு பிரஸ்ல போயி “மூணு எம்எம் கசிவு வச்சிருக்கேன்”னு சொல்லிப் பாருங்க, மெஷின்காரர் இங்க் டப்பாவைத்தான் திரும்பிப் பாப்பாரு. மை உறிஞ்சற தாள்ல எழுத்தோட ஓரம் பஞ்சு மாதிரி பரவுதே, கசிவுன்னா அதுதான். அது கோளாறு. பிளீட் நாமளா வேணும்னு வைக்கறது. ரெண்டுக்கும் ஒரே சொல் வச்சா பில்லுல சண்டைதான் வரும்.

எதுக்கு வைக்கறோம்னு எனக்கு காசு போனப்பதான் புரிஞ்சுது. ஏற்காட்டு காப்பித்தூள் பாக்கெட்டுக்கு ஒரு லேபிள், முழுக்க கரும்பச்சை, நிறத்தை லேபிள் அளவோட கச்சிதமா நிறுத்திட்டேன். கட்டிங் மெஷின்ல நூத்துக்கணக்குல தாளை அடுக்கி ஒரே அழுத்தா வெட்டறப்ப அடுக்கு துளி நகரும், கத்தி கீழ இறங்க இறங்க கொஞ்சம் இழுக்கவும் செய்யும், அப்புறம் என்ன, பாதி லேபிள்ல ஒரு பக்கம் நூல் மாதிரி வெள்ளைக்கோடு, மறுபடி அடிச்சுக் கொடுத்தேன் என் செலவுல. அதுக்குத்தான் வெட்டற கோட்டைத் தாண்டி நாலு பக்கமும் 3 மி.மீ. நிறத்தை ஓடவிடறது. 89க்கு 51 மி.மீ. விசிட்டிங் கார்டுன்னா ஃபைல் 95க்கு 57. (கோரல் டிசைன் சாஃப்ட்வேர்ல பிடிஎஃப் எடுக்கறப்ப பிளீட்டை டிக் பண்ண மறந்தா நீங்க வரைஞ்சது எல்லாம் பக்க அளவோட நின்னுடும், அது தனிக்கதை.)

> அப்ப ‘சேதாரம்’னே வைக்கலாமே, செவ்வாப்பேட்டை வெள்ளிப்பட்டறைப் பக்கம் இருந்துகிட்டு இதுகூடத் தோணலையா?

தோணுச்சுங்க, ரெண்டு நாள் அதையேதான் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன். கைக்கு வராததுக்கும் காசு கட்டறோம்ல, அந்த வகையில அழகாப் பொருந்துது. ஆனா மெஷின் செட் ஆகற வரைக்கும் வீணாப் போற தாள் இருக்கே, பிரஸ்ல வேஸ்டேஜ்னு சொல்றது, சேதாரம் அதுக்குத்தான் இன்னும் பொருத்தம். அதுக்கு எடுத்து வைப்போம்.

என் ஓட்டு வெட்டுமிகை. வெட்டளவு (வெட்டினப்புறம் நிக்கற அளவு), வெட்டுக்குறி (எங்க வெட்டணும்னு காட்டற கோடு), வெட்டுமிகைன்னு மூணும் ஒரே குடும்பமா வருது, புதுசா வர்ற பையனுக்கும் ஒண்ணைச் சொன்னா மத்தது விளங்கிடும். ‘மிகை’ன்னா ஓவர் ஆக்டிங் ஞாபகம் வருதுன்னு தங்கச்சி ஒருத்தங்க எழுதியிருந்தாங்க, சிரிச்சுட்டேன், ஆனா முன்னாடி ‘வெட்டு’ நிக்கறப்ப அந்தக் குழப்பம் வராதுன்னு நினைக்கறேன்.

நேத்து எங்க கட்டிங் அண்ணன்கிட்ட சொல்லிப் பாத்தேன். “தையக்காரன் தையலுக்குத் துணி விடற மாதிரி, வெட்டுக்கு விட்டதுன்னு சொல்லு தம்பி, எதுக்கு மிகை?”ன்னாரு. பேச்சுக்கு அவர் சொன்னதுதான் சரி, ஆனா சாஃப்ட்வேர் மெனுவுல போட ஒரு பெயர்ச்சொல் வேணுமே. ‘வெட்டுவிடுப்பு’ன்னு மாத்திப் பாத்தேன், கத்திக்கு லீவு விட்ட மாதிரி இருக்கு. அதனால பெயர் வெட்டுமிகை, வினை மட்டும் அண்ணனோடது: “3 மி.மீ. வெட்டுமிகை விட்டு ஃபைல் அனுப்புங்க.” வாய்ல ஓடுதான்னு நீங்களும் ஒருக்கா சொல்லிப் பாருங்க.

வெட்டற கோட்டுக்கு உள்பக்கம் எழுத்து வராம காலியா விடற இடத்துக்கு ‘காப்போரம்’னு வச்சிருக்கேன், அதுல எனக்கே திருப்தி இல்ல. வேற இருந்தா போடுங்க.