மறு: சிங்க் – ஒத்திசைவா, சமனாக்கமா?

வணக்கம்.

ஒரே கோப்புகளைப் பல கருவிகளிலும் ஒன்றுபோல வைத்திருக்கும் "சிங்க்" (sync) வேலைக்கு "சமனாக்கம்" என்று நான் சொன்னதற்கு, "ஒத்திசைவு" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, போனில்கூட அப்படித்தான் வருகிறது, அப்புறம் எதற்கு இன்னொரு சொல் என்று கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். நான் இங்கே மும்பையில், தாராவிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறேன், கணினியும் என் தலையில்தான். அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் ஆசிரியர் அறைக் கணினியில் இடமில்லாமல் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. "எல்லாம்தான் மேலே கிளவுடில் (இணையச் சேமிப்பில்) இருக்கிறதே" என்ற தைரியத்தில் ஒரு டீச்சர் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் ஃபோல்டரை அழித்துவிட்டார். எல்லோரும் ஒரே பள்ளிக் கணக்கில்தான் இருக்கிறோம், கொஞ்ச நேரத்தில் என் லேப்டாப்பிலும் காணோம், தலைமையாசிரியர் போனிலும் காணோம். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதனால் பிழைத்தோம்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒத்திசைவு என்றதும் வீணையும் மிருதங்கமும் சேர்ந்து போகிற மாதிரி இதமாக இருக்கிறது, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்ற எச்சரிக்கை அதில் எங்கே இருக்கிறது? காப்புநகல் (பேக்கப்) வேறு, இது வேறு.

எங்கள் கணக்கு வாத்தியார்தான் எடுத்துக்கொடுத்தார்: சமன்பாட்டில் இந்தப் பக்கம் 5 கழித்தால் அந்தப் பக்கமும் 5 கழிக்கணும், பிள்ளைகளுக்கு இது தெரியும். ஆகவே "சமனாக்கு". அம்பு சுற்றும்போது "சமனாகிறது", பச்சை டிக் விழுந்தால் "சமனானது". நெட் இல்லாதபோது இரண்டு பேர் ஒரே கோப்பைத் திருத்தினால் டிராப்பாக்ஸ் தனியாக ஒரு நகல் போட்டு வைக்குமே, அது "முரண்நகல்". ஒத்திசைகிறது, ஒத்திசைக்கிறது என்று ஒரு 'க்'கில் தடுமாறுகிற தொல்லையும் இல்லை.

"ஒப்பாக்கம்" என்றும் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், கடைசி பெஞ்சில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. சிங்க் என்றே விடலாம் என்பவர்களுக்கு ஒன்று, பாத்திரம் தேய்க்கும் தொட்டியையும் தமிழில் அப்படித்தான் எழுதுகிறோம்.

வேதியியலில் "சமன் செய்தல்" உண்டு, பாட்டின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரோடும் குழம்பலாம். எனக்கு அது பெரிய இடைஞ்சலாகப் படவில்லை, ஒலித்துறை ஆட்கள் சொல்லட்டும். கிளவுடுக்கு மேகமா முகிலா என்ற சண்டை மட்டும் இந்த இழையில் வேண்டாம்.