மறு: அனலாக் ஒலிப்பதிவு இதழ்கள்: பட்டியலின் தலைப்புக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம். அனலாக் ஒலிப்பதிவு பற்றிய இதழ்களுக்கு நாம் போடும் பட்டியலின் தலைப்பில் ‘அனலாக்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம், அதற்கு வந்த யோசனை இது:

> ‘தொடர்முறை ஒலிப்பதிவு இதழ்கள்’ என்று வைத்தால் என்ன? இல்லையென்றால் ‘நாடாப்பதிவு’, அது எல்லோருக்கும் புரியுமே.

நாடாப்பதிவு புரியும், ஆனால் போதாது. இசைத்தட்டில் ஊசி பள்ளம் வெட்டுவதும் அனலாக்தான், சினிமா ஃபிலிமின் ஓரத்தில் ஒளியால் பதிந்த ஒலித்தடமும் அனலாக்தான், இரண்டிலும் நாடாவே கிடையாது.

தொடர்முறையில் எனக்கு இரண்டு சிக்கல். ‘தொடர்முறை இதழ்’ என்று படிக்கிறவருக்கு வாரத்தொடர்தான் முதலில் நினைவுக்கு வரும். அது போகட்டும். பழைய எக்கோ பெடல்களில் (இசைக்கருவியின் ஒலியை எதிரொலிக்க வைக்கும் பெட்டி) பக்கெட் பிரிகேட் என்று ஒரு சிப் உண்டு, வரும் மின்னழுத்தத்தைக் கணத்துக்குக் கணம் துண்டாக எடுத்து ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்த மின்தேக்கிக்குக் கைமாற்றிக்கொண்டே போகும், வாளி வாளியாகத் தண்ணீர் கடத்துவதுபோல. நேரத்தில் தொடர்ச்சி இல்லை, ஆனாலும் அதை எல்லோரும் அனலாக் என்றுதான் சொல்கிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு வாளியிலும் இருப்பது மின்னூட்டம், டிஜிட்டலில் இருப்பதுபோல் எண் இல்லை. ஆக, தொடர்ச்சி இதன் உயிர்நாடி அல்ல. காற்றில் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறதோ அதற்கு நிகராக இன்னொன்று ஏறி இறங்குவதுதான் விஷயம்: கம்பியில் மின்னழுத்தம், நாடாவில் காந்தம், தட்டில் பள்ளத்தின் நெளிவு.

போன மாதம் ஒரு பழைய எல்பி இசைத்தட்டை நகைக்கடையில் வைத்திருப்பார்களே அந்த லென்ஸ் வழியாகப் பார்த்தேன். மிருதங்கம் ஓங்கி விழுகிற இடத்தில் பள்ளம் அப்படியே வளைந்து ஆடுகிறது, தம்புரா மட்டும் மீட்டும் இடத்தில் கிட்டத்தட்ட நேர்கோடு. ஒலியின் வடிவத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறது! அதனால் என் பரிந்துரை நிகரலை. நிகரலை ஒலிப்பதிவு, நிகரலை மிக்சர் (ஒலிகளைக் கலக்கும் கருவி), எதிர்ப்பக்கம் ஏற்கெனவே புழங்கும் எண்ணிம (டிஜிட்டல்) ஒலிப்பதிவு. ‘ஒப்பலை’ என்றும் யோசித்தேன், வாய்விட்டுச் சொன்னால் ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்பதுபோல் கேட்கிறது, விட்டுவிட்டேன். நிகர எடை, நிகர லாபம் என்று குழம்பாதா என்று யாராவது கேட்கலாம். குழம்பாது, இது ‘நிகரற்ற’ என்பதில் இருக்கும் நிகர்.

இப்போது இதழ்களைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய இதழ்களில் ‘அனலாக்’ என்று தேடாதீர்கள். பிராய்லர் வந்த பிறகுதானே கோழி நாட்டுக்கோழி ஆனது? அதேபோல எண்ணிமப் பதிவு ஸ்டூடியோக்களுக்குள் வரும்வரை இதற்கு அடைமொழியே தேவைப்படவில்லை, வெறும் ‘ரெக்கார்டிங்’தான். பிரிட்டனின் ‘ஸ்டூடியோ சவுண்ட்’ இதழ் 1959இல் தொடங்கியபோது அதன் பெயரே ‘டேப் ரெக்கார்டர்’. அமெரிக்காவின் ‘ரெக்கார்டிங் எஞ்சினியர்/புரொடியூசர்’ 1970இல் வந்தது. இவற்றின் ஸ்கேன்கள் ‘வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி’ தளத்தில் குவிந்து கிடக்கின்றன. அங்கே பயஸ், அசிமத், ஸ்ப்ளைசிங், பிரின்ட் த்ரூ என்று நாடாப்பதிவுக்காரர்களின் கலைச்சொற்களைப் போட்டுத் தேடினால் கொட்டும். நானும் முதலில் ‘அனலாக்’ என்று போட்டுத் தேடி ஒரு வாரத்தை வீணடித்தேன், பட்டியல் பாதி காலியாக இருந்தது.

இன்று வருகிறவற்றில் என் முதல் தேர்வு ‘டேப் ஆப்’. லாரி கிரேன் 1996இல் தொடங்கியது. பதிவு செய்கிறவர்களின் நீண்ட நேர்காணல்கள்தான் அதன் பலம், எந்த மைக்கை எங்கே வைத்தேன், ஏன் வைத்தேன் என்று பேசுவார்கள். 1985இலிருந்து வரும் ‘சவுண்ட் ஆன் சவுண்ட்’ இப்போது பெரும்பாலும் கணினிப் பதிவைப் பற்றியது, ஆனால் பழைய பாடல்கள் எப்படிப் பதிவாயின என்று விவரிக்கும் ‘கிளாசிக் டிராக்ஸ்’ கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள், 24 தட நாடாவில் (24 ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் நாடா) தடம் தீர்ந்துபோனால் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அந்த மாதிரிக் கட்டுரைகளில்தான் கிடைக்கும்.

அப்புறம், 80களின் சிடி உறைகளில் ஏஏடி, ஏடிடி, டிடிடி என்று மூன்று எழுத்து இருக்கும் அல்லவா, ஏ என்றால் அனலாக், டி என்றால் டிஜிட்டல்; முதலாவது எழுத்து பதிவு, இரண்டாவது மிக்சிங் (தடங்களைக் கலப்பது), மூன்றாவது மாஸ்டரிங் (இறுதிப் பிரதி ஆக்குவது). நம் பட்டியலில் ஒரு இசைத்தொகுப்பைக் குறிப்பிட வேண்டி வந்தால் நிநிஎ, நிஎஎ, எஎஎ என்று எழுதிவிடலாம். எழுதிப் பார்த்தேன், கண்ணுக்கு உறுத்தவில்லை.

நிகரலைக்கு ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், மாற்றுச் சொல்லோடு எழுதினால் இன்னும் நல்லது. பயஸுக்கும் பிரின்ட் த்ரூவுக்கும் தனி மடல் போடுகிறேன். பிரின்ட் த்ரூ என்பது சுருளில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றில் ஒற்றிக்கொள்வது, பாட்டு தொடங்குவதற்கு முன்பே அதன் நிழல் மெல்லக் கேட்கும். ‘ஒற்றொலி’ என்று வைக்க ஆசை, ஆனால் இலக்கணம் படித்தவர்கள் அதை மெய்யெழுத்தின் ஒலி என்று எடுத்துக்கொள்வார்களே, ‘ஒற்றுப்பதிவு’ சரிவருமா என்று பாருங்கள்.