கர்த்தருடைய நேரம் வர்ற வரைக்கும் எப்படி காத்திருக்கறது?

கேள்வி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபையில வாலிபர் ஊழியத்துல அஞ்சு வருஷமா உதவியா இருக்கேன், தலைமைப் பொறுப்பு தர்றோம்னு சொல்லிட்டே இருக்காங்க ஆனா தரல, கர்த்தர் அழைச்சாருன்னு எனக்கு உறுதியா தெரியுது அப்புறம் ஏன் இவ்ளோ தாமதம்னு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. நானே தனியா ஒரு குழு ஆரம்பிச்சிடலாமா?

பதில் 1:
பிரதர் அவசரப்படாதீங்க. தாவீது ஆடு மேய்க்கற பையனா இருக்கும்போதே சாமுவேல் தீர்க்கதரிசி அவரை ராஜாவா அபிஷேகம் பண்ணிட்டாரு, ஆனா ராஜாவானது 30 வயசுல, அதுவும் முதல்ல எப்ரோன்ல இருந்து யூதாவுக்கு மட்டும் ஏழரை வருஷம், அதுக்கப்புறம்தான் இஸ்ரவேல் முழுசுக்கும். நடுவுல, அவரைக் கொல்லத் தேடிட்டிருந்த அப்போதைய ராஜா சவுல் எங்கேதி குகையில தனியா சிக்கினாரு, கூட இருந்தவங்க இதுதான் கர்த்தர் சொன்ன நாள்னு தூண்டிவிட்டாங்க, தாவீது சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தாரு, அதுக்கே மனசு அடிச்சுக்கிச்சு. கையில வாய்ப்பு வந்ததாலேயே அது அவர் குடுத்ததுன்னு ஆகாது.

பதில் 2:
சவுலையும் பாருங்க. கில்கால்ல சாமுவேல் வந்து பலி செலுத்தறதுக்காக 7 நாள் காத்திருந்தான், ஜனங்க சிதறிப் போறாங்கன்னு பயந்து தானே தகனபலி செலுத்திட்டான், முடிச்ச உடனே சாமுவேல் வந்து நிக்கறாரு! இதைப் படிக்கும்போதெல்லாம் வயித்தைக் கலக்கும், நானும் இப்படி அவசரப்பட்டு ஒரு ஊழியத்தை உடைச்சிருக்கேன்.

பதில் 3:
காத்திருக்கறதுன்னா சும்மா உக்காந்திருக்கறது இல்ல தம்பி. யோசேப்பு விக்கப்பட்டு சிறைக்குப் போயும் மத்த கைதிங்க முகம் ஏன் வாடியிருக்குன்னு கேட்டாரு, அந்தக் கேள்விதான் பின்னாடி பார்வோன்கிட்ட கொண்டுபோய் விட்டுச்சு. மூப்பர்கிட்ட நேரடியா பேசுங்க, அதுல தப்பே இல்ல.

கேட்டவர்:
நன்றி அக்கா, ஞாயித்துக்கிழமை பேசறேன். ஜெபிச்சுக்கோங்க.