ஓலங்கா தேசியப் பூங்காவுக்கு எந்தப் பருவத்தில் செல்வது நல்லது?

அனைவருக்கும் வணக்கம். பின்லாந்தின் வடகிழக்கில், ரஷ்ய எல்லையை ஒட்டியுள்ள ஓலங்கா தேசியப் பூங்காவுக்கு என் தாயாரையும் பத்து வயது மகனையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். எந்த மாதத்தில் செல்வது என்பதில்தான் முடிவுக்கு வர இயலவில்லை.

அங்குள்ள புகழ்பெற்ற நடைபாதையான கார்ஹுன்கியெர்ரொஸ், அதாவது 'கரடிச் சுற்று', 82 கிலோமீட்டர் நீளமுடையது. அது எங்களுக்கு எட்டாத கனி. ஆனால் யூமா என்னும் சிற்றூரில் தொடங்கும் 12 கிலோமீட்டர் சிறிய சுற்றுப்பாதை, தொங்குபாலங்களையும் அருவியையும் கடந்து ஒரே நாளில் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுகிறது என்பதால், அதையே மனத்தில் வைத்திருக்கிறேன். வழியில் மரப் படிக்கட்டுகள் மிகுதி. மூட்டுவலியுள்ள 62 வயதினரால் அவற்றை நிதானமாக ஏறி இறங்க முடியுமா?

ஜூனில் கலிப்சோ ஆர்க்கிட் மலர்களைக் காணலாம், இரவிலும் வெளிச்சம் இருக்கும், கீழ் ஓலங்கா ஆற்றின் அமைதியான நீரில் படகும் செலுத்தலாம். எனினும் கொசுத்தொல்லையை எண்ணினால் தயக்கமாக உள்ளது. செப்டம்பரில் இலைகள் செம்மையும் பொன்னிறமும் கொள்ளும், கொசுவும் குறையும். மகனோ மார்ச் மாதப் பனியில் பனிக்காலணி அணிந்து நடக்க வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். (எனக்கும் உள்ளூர அந்த ஆசை உண்டு.)

முதியவருடனோ குழந்தைகளுடனோ அங்குச் சென்றுவந்தவர்கள், மார்ச்சில் அப்பாதை எவ்வளவு வழுக்கும் என்பதையும், செப்டம்பரில் எத்தகைய உடைகள் தேவைப்பட்டன என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.