த்ராட்டில் கேபிளை 3 மி.மீ. இழுத்தால் கியர்பாக்ஸ் சரியாயிடுமா?

எண்ணெய்க்கை:
இன்னொரு திரியில ஒருத்தர் கேட்டிருந்தார்: டொயோட்டாவோட ஏ340இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 4 கியர், 2-ல இருந்து 3-க்கு மாறும்போது ஆர்பிஎம் எகிறி இறங்குது, ரிவர்ஸும் லேட்டாப் பிடிக்குது. அதுக்கு கேபிள்ராஜா எழுதின வைத்தியம்: "த்ராட்டில் கேபிளை 3 மி.மீ. இழுத்துக் கட்டுங்க, ஷிஃப்ட் சரியாயிடும், வேற எதையும் தொடாதீங்க." படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. ஆக்ஸிலரேட்டர் அசைவை கியர்பாக்ஸுக்குக் கொண்டு போற கம்பிதான் த்ராட்டில் கேபிள். அதுக்குக் கையேட்டு அளவு 0-ல இருந்து 1 மி.மீ. இன்னொருத்தரை பெடலை முழுசா மிதிக்கச் சொல்லி, கேபிள் உறையோட நுனிக்கும் உள் கம்பியில இருக்கிற ஸ்டாப்பர் துண்டுக்கும் நடுவுல அளக்கணும். 3 மி.மீ. எந்தக் கணக்கு? எதுவும் அளக்காம இழுக்கச் சொல்றது கண்டறிதல் இல்ல, குருட்டு வைத்தியம்.

கேபிள்ராஜா:
வந்துட்டார் வாத்தியார். கேபிளை இழுத்தா த்ராட்டில் பிரஷர் ஏறும், அதோட லைன் பிரஷரும், அதாவது கிளட்சை அழுத்துற ஆயில் அழுத்தமும் ஏறும், கிளட்ச் இறுக்கிப் பிடிக்கும். இதுல குருடு எங்க இருக்கு? கையேடு புது வண்டிக்கு எழுதினது. பழைய வண்டியில உள் கம்பி நீண்டிருக்கும், ஆயிலைப் பிரிச்சு விடுற வால்வ் பாடியில இருக்கிற த்ராட்டில் கேம் தேஞ்சிருக்கும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் 3 மி.மீ.

நிதானி:
ஒரு சின்னக் கேள்வி. "எகிறுது"ன்னா கியர் மாறும் அந்த ஒரு நொடி மட்டுமா, இல்ல 3-ல ஓடும்போதும் மிதிச்சா நழுவுதா? ரெண்டும் வேற வேற கோளாறு. முதல்ல இதைப் பிரிச்சுக்கலாமே.

எண்ணெய்க்கை:
அதை அப்புறம் பாக்கலாம் நிதானி. ராஜா, ஏ340இ-ல கேபிள் லைன் பிரஷரை மட்டும்தான் தொடும். எந்த வேகத்துல கியர் மாறணும்னு முடிவு பண்றது கம்ப்யூட்டர். அது த்ராட்டில் பொசிஷன் சென்சாரையும் ஸ்பீடு சென்சாரையும் பாத்து சோலினாய்டை, அதாவது மின்சாரத்துல திறந்து மூடுற ஆயில் வால்வை இயக்கும். முழுக்க ஹைட்ராலிக்கா ஓடுற பழைய பெட்டியில கேபிளை இழுத்தா ஷிஃப்ட் தள்ளிப் போகும், இதுல போகாது. அந்த வித்தியாசமே தெரியாம "ஷிஃப்ட் சரியாயிடும்"னு எழுதுறீங்க. 2-3 எகிறலும் ரிவர்ஸ் தாமதமும் சேர்ந்து வந்தா ஒரு இடத்தைத்தான் காட்டும்: சி2, அதாவது டைரக்ட் கிளட்ச். 3-ம் கியருக்கும் ரிவர்ஸுக்கும் பொதுவா வேலை செய்யறது அதுதான். அந்த பிஸ்டனோட ரப்பர் சீல் கெட்டியாயிட்டா ஆயில் கசிஞ்சு, பிரஷர் சேர நேரமாகும். அந்த நேரத்துலதான் எஞ்சின் எகிறுது. 3 மி.மீ. இழுத்தா கொஞ்ச நாள் மறைஞ்சிருக்கும், கூடவே 1-2 ஷிஃப்ட் உதைக்கும். அப்புறம் கிளட்ச் தகடு கருகும்.

கேபிள்ராஜா:
கொஞ்ச நாள் நல்லா ஓடுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி. 3 மி.மீ.

எண்ணெய்க்கை:
எதையும் ஒத்துக்கல. காய்ச்சலை மாத்திரையில அடக்கிட்டு நோய் போயிடுச்சுன்னு சொல்றதுக்குப் பேர் வைத்தியமா?

ஸ்பானர்12:
எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோபம்தான். ஆயில் அளவைப் பத்தி ஒருத்தராவது பேசினீங்களா? முதல் வேலை அதுதான். எஞ்சினை ஆஃப் பண்ணி, ஒரு நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாக்கணும்.

எண்ணெய்க்கை:
தம்பி, அது பழைய ஹோண்டா பெட்டிக்கு. அதுல எஞ்சினை நிறுத்தி ஒன்றரை நிமிஷத்துக்குள்ள பாக்கணும். இந்தப் பெட்டியில எஞ்சின் ஐடிலிங்லயே ஓடணும், ஆயில் 70-80 டிகிரி சூட்டுல இருக்கணும், வண்டி சமதரையில நிக்கணும். லீவரை பி (பார்க்)-ல இருந்து எல் (லோ) வரைக்கும் ஒவ்வொரு இடமா நகர்த்தி, திரும்ப பி-க்குக் கொண்டு வந்து, டிப்ஸ்டிக்கைத் துடைச்சு மறுபடி விட்டு எடுக்கணும். அளவு ஹாட் கோட்டுக்குள்ள இருக்கணும். எஞ்சினை நிறுத்திட்டா, எஞ்சினையும் பெட்டியையும் ஆயில் வழியா இணைக்கிற டார்க் கன்வர்ட்டர்ல இருக்கிற ஆயில், அடியில இருக்கிற பானுக்கு (ஆயில் தட்டு) இறங்கி, அளவு கூடுதலாத் தெரியும். ஏற்கனவே குறைவா இருக்கிற ஆயிலை "ஃபுல்"னு நம்பி ஓட்டுவீங்க. அதிகமா ஊத்தினாலும் ஆபத்து. சுழலுற பாகங்கள் ஆயிலை அடிச்சு நுரையாக்கும், நுரையில பிரஷர் நிக்காது. கடைசியில குறைஞ்சா வர்ற அதே நழுவல்தான் வரும்.

ஸ்பானர்12:
"தம்பி"ன்னு கூப்பிடற உரிமையை யார் குடுத்தா? பிரேக் ஆயில் விவாதத்துலயும் இப்படித்தான் எல்லாருக்கும் பாடம் எடுத்தீங்க. எஞ்சினை ஆஃப் பண்ணித்தான் பாக்கணும்.

கேபிள்ராஜா:
பிரேக் ஆயில் விவாதத்துல பாதியில ஓடிப்போனது யாருன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

எண்ணெய்க்கை:
ஓடல. பதில் சொல்லிட்டுத்தான் போனேன். அந்தக் கதை இங்க எதுக்கு?

ஆயில் டிப்ஸ்டிக்ல வந்ததும் வெள்ளைத் துணியில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. கருப்பா, கருகின வாடையோட இருந்தா கிளட்ச் தகடு எரிஞ்சிருக்கு. பால் கலந்த ரோஸ் நிறமா இருந்தா ரேடியேட்டருக்குள்ள இருக்கிற கூலர் வழியா கூலன்ட் கலந்திருக்கு. அதோட வண்டியை ஓட்டவே கூடாது. பானைக் கழற்றினா காந்தத்தைப் பாருங்க. சாம்பல் மாதிரி மெல்லிய பூச்சு சகஜம். இரும்புச் சீவல் இருந்தா பேரிங், கியர், தகடு தேய்மானம். காந்தத்துல ஒட்டாத பித்தளைத் தூள்னா புஷ் (தண்டைத் தாங்குற வளையம்) தேய்மானம். ஆயிலை இறக்கினா 2 லிட்டர் அளவுதான் வரும், மீதி கன்வர்ட்டர்லயும் மத்த இடங்கள்லயும் நிக்கும். இறங்கினதை அளந்து வெச்சு அதே அளவு ஊத்துங்க. பான் போல்ட்டை 7 நியூட்டன் மீட்டருக்கு மேல முறுக்கினா விளிம்பு வளைஞ்சு கசியும்.

நிதானி:
இவ்வளவுக்கும் முன்னாடி சோலினாய்டு பிளக்கைக் கழற்றி ஓட்டிப் பாத்தா பாதி சந்தேகம் தீரும். கழற்றின நிலையில லீவர் டி (டிரைவ்)-ல இருந்தா 4-ம் கியர், லீவர் 2-ல இருந்தா 3-ம் கியர், எல்-ல 1-ம் கியர் கிடைக்கணும். கிடைச்சு, எகிறல் மட்டும் அப்படியே இருந்தா கோளாறு ஹைட்ராலிக்ல இல்ல கிளட்ச்ல. கையால மாத்தி ஓட்டும்போது எகிறல் காணாமப் போனா சோலினாய்டு, வயர், சென்சார் பக்கம் பாக்கணும். ஷிஃப்ட் சோலினாய்டு 11-ல இருந்து 15 ஓம் காட்டணும். கம்ப்யூட்டர் பதிஞ்சு வெச்ச கோளாறு எண்ணை (கோடு) எடுக்க, டயக்னோஸிஸ் கனெக்டர்ல டிஇ1, இ1 முனைகள் ரெண்டையும் இணைச்சு, ஓவர்டிரைவ் ஆஃப் விளக்கு மின்னுறதை எண்ணணும்: 62 முதல் சோலினாய்டு, 63 ரெண்டாவது, 64 லாக்கப் (கன்வர்ட்டரைப் பூட்டுற) சோலினாய்டு, 42-ம் 61-ம் ஸ்பீடு சென்சார்கள். இப்பவாவது சொல்லுங்க, எகிறல் மாறும்போது மட்டுமா?

கேபிள்ராஜா:
நிதானி சொன்ன எந்தச் சோதனையும் என் 3 மி.மீ.-ஐத் தப்புன்னு சொல்லல. இன்னொண்ணு கேளுங்க. உங்க 0-1 மி.மீ. ஸ்டாப்பரை நம்பி நிக்குது. ஸ்டாப்பர் உள் கம்பியில நசுக்கி வெச்ச ஒரு துண்டு, அவ்வளவுதான். கேபிளை மாத்தினவர் தப்பான இடத்துல நசுக்கியிருந்தா, கையேட்டுப்படி 1 மி.மீ. காட்டும், உண்மையில 4 மி.மீ. தொங்கிக்கிட்டு இருக்கும். அப்ப என்ன பண்ணுவீங்க வாத்தியாரே?

எண்ணெய்க்கை:
பிரஷர் கேஜ் போடுவேன். இதைத்தானே முதல்ல இருந்து கத்திக்கிட்டிருக்கேன்! பெட்டியோட பக்கவாட்டுல இருக்கிற டெஸ்ட் பிளக்கைக் கழற்றி, சதுர செ.மீ.-க்கு 20 கிலோ வரைக்கும் காட்டுற கேஜை மாட்டணும். டி-ல ஐடிலிங்ல சுமார் 4 கிலோ, ஸ்டால்ல (பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே முழு ஆக்ஸிலரேட்டர்) சுமார் 10. ஆர் (ரிவர்ஸ்)-ல ரெண்டுமே இன்னும் கூடுதல். எஞ்சினுக்கு ஏத்த மாதிரி மாறும், அதனால அந்த வண்டியோட கையேட்டைப் பாத்துக்கணும். டி, ஆர் ரெண்டுலயும் குறைஞ்சா கேபிள், ரெகுலேட்டர் வால்வ், பம்ப் மேல சந்தேகம். ஆர்-ல மட்டும் குறைஞ்சா சி2 அல்லது பி3 (பெட்டிக்குள்ள இருக்கிற 1-ம் கியர், ரிவர்ஸ் பிரேக்). அப்ப எல்-ல ஓட்டி, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துப் பாருங்க. எஞ்சினே வண்டியை இழுத்து மெதுவாக்கினா (எஞ்சின் பிரேக்) பி3 நல்லா இருக்கு, கோளாறு சி2-லதான். இந்த வண்டியில ஆர் குறைஞ்சிருந்தா 3 இல்ல, 30 மி.மீ. இழுத்தாலும் பிரயோஜனம் இல்ல.

ஸ்டால் டெஸ்ட் பண்றவங்க நாலு சக்கரத்துக்கும் கட்டை வெச்சு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இடது காலால பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஆக்ஸிலரேட்டரை முழுசா அழுத்துங்க. 5 நொடிக்கு மேல வேண்டவே வேண்டாம். அப்புறம் என் (நியூட்ரல்)-ல போட்டு ஒரு நிமிஷம் ஆற விடுங்க. வண்டிக்கு முன்னால யாரும் நிக்கக் கூடாது.

நிதானி:
ஸ்டாலுக்கு முன்னாடி தாமதத்தை அளக்கலாம், அதுல ஆபத்து குறைவு. ஐடிலிங்ல என்-ல இருந்து டி-க்குப் போட்டு, வண்டி இழுக்கிற வரைக்கும் எத்தனை நொடின்னு பாக்கணும்: 1.2-க்குள்ள. என்-ல இருந்து ஆர்: 1.5-க்குள்ள. ஒரு நிமிஷ இடைவெளியில மூணு தடவை அளந்து சராசரி எடுங்க.

ஸ்பானர்12:
டிப்ஸ்டிக் விஷயத்துக்கு இன்னும் பதில் வரல.

எண்ணெய்க்கை:
வந்தாச்சு, மேல போய்ப் படிங்க.

கேபிள்ராஜா:
ஆக, ரெண்டுலயும் பிரஷர் குறைஞ்சா முதல் சந்தேகம் கேபிள் மேலன்னு உங்க வாயாலேயே வந்துடுச்சு. எத்தனை மி.மீ.-ன்னுதான் இனி பேசணும்.

எண்ணெய்க்கை:
0-ல இருந்து 1. ஸ்டாப்பர் மேல சந்தேகம்னா கேஜ் சொல்ற இடத்துல நிறுத்துங்க.

கேபிள்ராஜா:
கேஜ் சொல்ற இடம் 3 மி.மீ.-ஆ இருந்தா?

எண்ணெய்க்கை:
அப்ப கேஜ் ரீடிங்கை இங்க போடுங்க, பேசலாம். ரீடிங் இல்லாம இன்னொரு தடவை 3 மி.மீ.-ன்னு எழுதாதீங்க.

கேபிள்ராஜா:
3 மி.மீ.