கவுன்சில் டாக்ஸ் பில்லில் போலீஸுக்கென்று ஒரு வரி

கேள்வி: அக்கா, வணக்கம். மதுரையில இருந்து வந்து மூணு மாசம் ஆச்சு. இங்கிலாந்துல, சர்ரே கவுண்டியில இருக்கற வோக்கிங்ல வீடு, வீட்டு மதிப்புப் பிரிவு பேண்ட் சி. கவுன்சில் டாக்ஸ் (இங்கத்த வீட்டு வரி) பில்ல "போலீஸ் அண்ட் கிரைம் கமிஷனர்"னு தனியா ஒரு வரி, அதுக்கு நேரா வருஷத்துக்கு 300 பவுண்டு. சம்பளத்துல ஏற்கெனவே இன்கம் டாக்ஸ் பிடிச்சாச்சு. போலீஸுக்குத் தனியா வேற காசா? குரோய்டன்ல இருக்கற ஃப்ரெண்டு, தன் பில்ல அப்படி ஒண்ணும் இல்லைங்கறான். ஏமாத்து பில்லா இருக்குமோ?

பதில்: தம்பி, பில் நிஜம்தான். பயப்படாமல் கட்டுங்கள். உங்கள் நண்பரும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார், அவருக்கு அது வேறு பெயரில் வருகிறது. குரோய்டன் லண்டனுக்குள் வருகிறது, லண்டனில் போலீஸுக்குப் பொறுப்பு மேயர். அதனால் பில்லில் "கிரேட்டர் லண்டன் அத்தாரிட்டி" என்று ஒரே வரியாகப் போட்டுவிடுவார்கள். 2025-26இல் டி பேண்டுக்கு அது 490.38 பவுண்டு. அதற்குள் 319.13 போலீஸுக்குப் போகிறது. மிச்சம்தான் தீயணைப்பு, போக்குவரத்து எல்லாம்.

நம் ஊரில் போலீஸ் முழுக்க மாநில அரசின் செலவு. சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும், பேசுவார்கள், நிறைவேற்றுவார்கள். வீட்டு வரி ரசீதில் போலீஸ் என்ற பேச்சே இருக்காது. அந்தப் பழக்கத்தில்தான் இந்த வரி நமக்கு விசித்திரமாகத் தெரிகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து வட்டாரப் போலீஸ் படைகள் 43. ஒவ்வொன்றுக்கும் தனி வரவு செலவு. பணம் இரண்டு வழியில் வருகிறது: ஹோம் ஆபீஸ் (மத்திய அரசின் உள்துறை) தரும் மானியம், உள்ளூரில் வீட்டுக்கு வீடு வசூலிக்கும் "ப்ரிசெப்ட்". நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மானியம் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, ப்ரிசெப்ட் ஒரு பங்கு. கவுன்சில் இதில் வெறும் வசூல்காரர். உங்களிடம் வாங்கி அப்படியே கொடுத்துவிடும். அதனால் "போலீஸ் காசைக் குறையுங்கள்" என்று கவுன்சிலுக்கு போன் போட்டுப் பிரயோஜனமில்லை. (நான் போட்டிருக்கிறேன். இருபது நிமிடம் பாட்டு கேட்டதுதான் மிச்சம்.)

இந்த மூன்றில் ஒரு பங்குக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும், அதுதான் விஷயம். நான் முதல் ஐந்து வருடம் நியூகாசிலில் இருந்தேன், பிறகு உங்கள் சர்ரேயிலேயே கில்ட்ஃபோர்டுக்கு மாறினேன். புது பில்லைப் பார்த்ததும் உங்களைப் போலவே திகைத்தேன். அங்கே நார்தம்பிரியா போலீஸுக்கு டி பேண்டில் 2024-25இல்கூட 200 பவுண்டைத் தொடவில்லை. சர்ரேயில் அதே வருடம் 300ஐத் தாண்டிவிட்டது. இங்கே போலீஸ் செலவில் பாதிக்கு மேல் வீட்டுக்காரர்கள் தலையில். அங்கே சுமார் ஐந்தில் ஒரு பங்குதான், மீதி அரசு மானியம்.

காரணம் வீடுகள். பேண்ட் என்பது உங்கள் வீடு 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற கணக்கு. போன வருடம் கட்டிய ஃபிளாட்டுக்கும் அதே 1991 விலையைக் கற்பனை செய்துதான் போடுவார்கள். சிரிக்காதீர்கள், இங்கிலாந்து முழுக்க இப்படித்தான். டி பேண்டை அளவுகோலாக வைத்து, ஏ பேண்டுக்கு அதில் ஒன்பதில் ஆறு பங்கு, உங்கள் சி பேண்டுக்கு எட்டு பங்கு, ஹெச்சுக்கு இரண்டு மடங்கு. வடகிழக்கில் ஏ, பி வீடுகள் அதிகம். சர்ரேயில் பெரிய வீடுகள் அதிகம். ஆகவே ப்ரிசெப்டை ஒரே அளவு ஏற்றினாலும் சர்ரேயில் கொட்டுகிற காசு அங்கே கொட்டாது. அதை ஈடுகட்டத்தான் அங்கே மானியம் கூடுதல். ஆனால் 2010க்குப் பிறகு அரசு மானியத்தை வெட்டியபோது, மானியத்தையே நம்பியிருந்த ஊர்களுக்குத்தான் பலத்த அடி. வசதியான ஊர் அடிபட்டாலும் கொஞ்சம் தாங்கியது. என்னைக் கேட்டால் இது அநியாயம்தான், அதிகம் கட்டுகிற சர்ரேயில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன்.

மானியத்தைப் பங்கிடும் சூத்திரம் பழசு, ஓட்டை என்று எல்லோருக்கும் தெரியும். 2015இல் மாற்றப் போனார்கள். கணக்கில் தவறான புள்ளிவிவரத்தைப் போட்டுவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்ததே டெவன் அண்ட் கார்ன்வால் கமிஷனர் அலுவலகம். ஹோம் ஆபீஸ் மன்னிப்புக் கேட்டு மூட்டை கட்டி வைத்தது.

சரி, ப்ரிசெப்டை யார் ஏற்றுவது? கமிஷனர் என்றால் நம்மூர் போலீஸ் கமிஷனர் போலத் தொப்பி போட்ட அதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். இவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். முதல் தேர்தல் 2012 நவம்பரில் நடந்தது, நூற்றுக்குப் பதினைந்து பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். டிசம்பரில் ஹோம் ஆபீஸ் மானியத் தொகையைச் சொல்லும், கூடவே ப்ரிசெப்டை எவ்வளவு ஏற்றலாம் என்ற வரம்பையும் சொல்லும். 2025-26க்கு வரம்பு டி பேண்டுக்கு 14 பவுண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பெட்ஃபோர்ட்ஷயர் கமிஷனர் 2015இல் அப்படி 15.8 சதவீதம் ஏற்றக் கேட்டார். ஏப்ரலிலேயே ஏற்றிய தொகைக்கு பில்லும் போய்விட்டது. மே மாதம் ஓட்டுப் போட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். பில்லைத் திரும்ப அச்சடிக்கிற செலவும் போலீஸ் தலையிலேயே விழுந்தது.

கேள்வி: புரிஞ்சுது அக்கா. இதைக் குறைக்க வழி இருக்கா? நான் தனியாத்தான் இருக்கேன். ஸ்கில்டு வொர்க்கர் விசா.

பதில்: அப்படியானால் உடனே கவுன்சில் தளத்தில் "சிங்கிள் பெர்சன் டிஸ்கவுண்ட்" கேளுங்கள். மொத்த பில்லில் கால் பங்கு குறையும், போலீஸ் பங்கும் சேர்ந்தே குறையும். இது விசாவைப் பாதிக்காது. ஆனால் அதே பக்கத்தில் "கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன்" என்று இன்னொன்று இருக்கும். அதன் பக்கம் போகாதீர்கள்! அது பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசு உதவிப் பணம் என்ற கணக்கில் வரும், உங்கள் விசாவில் அதற்குத் தடை. இரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோல இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை, யூனிவர்சிட்டியில் சான்றிதழ் வாங்கி அனுப்பினால் போதும். வழக்கமாகப் பத்துத் தவணை, ஏப்ரல் முதல் ஜனவரி வரை. பன்னிரண்டாகப் பிரிக்கச் சொல்லியும் கேட்கலாம்.

இன்னொருவர்: நான் கிளாஸ்கோ. இங்கே பில்லில் போலீஸ் வரியே கிடையாது. 2013இல் எல்லாப் படைகளையும் ஒன்றாக்கி போலீஸ் ஸ்காட்லாந்து ஆக்கியபின் செலவு ஸ்காட்டிஷ் அரசுடையது. ரொம்ப சந்தோஷப்படாதீர்கள், அதே பில்லில் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் வரி இருக்கிறது.

கேள்வி: அக்கா, ஓட்டுன்னு சொன்னீங்களே, நமக்கு அதுல என்ன?

பதில்: இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் நீங்கள் காமன்வெல்த் பிரஜை. விசாவோடு இங்கே குடியிருந்தால் ஓட்டு உண்டு, கமிஷனர் தேர்தல் மட்டுமில்லை, நாடாளுமன்றத்துக்கும்தான். நியூகாசிலில் முதல் வருடம் வாக்காளர் பதிவுக் கடிதம் வந்தபோது நமக்கெங்கே ஓட்டு என்று கிழித்துப் போட்டேன். கமிஷனர் பதவியையே 2028 மே மாதத்தோடு எடுத்துவிடப் போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. அந்த வேலை மேயர்களுக்கோ உள்ளூர் வாரியங்களுக்கோ போகும். போலீஸ் வரி மட்டும் எங்கும் போகாது, கேட்கிற ஆள்தான் மாறுவார். ஒவ்வொரு குளிர்காலமும் "எவ்வளவு ஏற்றலாம், சொல்லுங்கள்" என்று இணையத்தில் கருத்துக் கேட்பார்கள். அது கண்ணில் பட்டால் நிரப்புங்கள்.

கேள்வி: அந்தக் கடிதம் எனக்கும் வந்துச்சு. நானும் தூக்கிப் போட்டுட்டேனே!

பதில்: பரவாயில்லை, அரசுத் தளத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் பதியலாம். கிரெடிட் ஸ்கோருக்கும் நல்லது. ஓட்டுச்சாவடிக்கு இந்தியப் பாஸ்போர்ட்டையே எடுத்துப் போகலாம், செல்லும்.