அப்பாவின் பென்சனுக்கு யாரைக் கேட்பது: மூன்ஸ்ரரா, டுசுல்டோர்வா, பேர்லினா?

வடலி நிழல் கேட்டது:

வணக்கம் உறவுகளே. அப்பாவின் பென்சன் விஷயமாக மூன்று கிழமையாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா 1964இல் பிறந்தவர். 1986இல் ஜேர்மனிக்கு வந்து டோட்முண்டில் ரெஸ்ரோரன்ட் குசினிகளில் வேலை செய்தவர். முதலில் கோப்பை கழுவினார், பிறகு சமையல். 2019இலிருந்து கேள்னில் எங்களோடு இருக்கிறார், இங்கும் ஒரு கன்ரீன் குசினியில்தான் வேலை. முந்தி அவருக்குக் கடிதம் மூன்ஸ்ரரிலிருந்து வரும். இப்போது டுசுல்டோர்விலிருந்து வருகிறது. அம்மா கடையில் விற்பனையாளராக இருந்தவர், அவருக்கு எப்போதும் பேர்லினிலிருந்துதான். மூன்று கடிதத்திலும் மேலே டொச்ச ரென்ரன்ஃபெர்சிஹருங், அதாவது ஜேர்மன் பென்சன் காப்புறுதி, என்றே போட்டிருக்கிறது. இது ஒரு கந்தோரா, மூன்று கந்தோரா? அப்பா டோட்முண்டில் கட்டிய காசு மூன்ஸ்ரரிலேயே நின்றுவிட்டதா?

இரண்டாவது, அவருடைய காப்புறுதி விபரத் தாளில் 1991 ஏப்ரல் முதல் 1993 முடிவு வரை ஒன்றுமே இல்லை. அந்தக் காலம் முழுவதும் ஒரே இடத்தில் வேலை செய்ததாக அப்பா சத்தியம் பண்ணுகிறார்.

மூன்றாவது, முதுகு வலியால் நிற்கவே கஷ்டப்படுகிறார். முன்கூட்டியே பென்சன் கேட்டதற்கு றீஹா (உடம்பைத் தேற்றி மீண்டும் வேலைக்கு விடும் சிகிச்சை) படிவத்தை அனுப்பியிருக்கிறார்கள். "பென்சன் கேட்டால் கடற்கரைக்குப் போகச் சொல்கிறார்கள், ஏமாற்றப் பார்க்கிறார்கள்" என்று அப்பாவுக்குக் கோபம். வேலையை விட்டுவிடப் போகிறேன் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிணற்றடி எழுதியது:

பிள்ளை, முதலில் ஒன்று. அப்பாவை வேலையை விட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். ஏன் என்று கீழே எழுதுகிறேன், ஆனால் மற்றதெல்லாம் வாசிக்கிறதுக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

நான் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்து போன வருடம் பென்சன் எடுத்தவன். 2011இல் என் தொழிற்சங்கம் பெயர் கொடுத்ததால், எங்கள் மாநிலப் பிரிவில் ஃபெர்சிஹெர்ட்டன்எல்டெஸ்ரர் ஆகத் தெரிவு செய்யப்பட்டேன். காப்புறுதி செய்தவர்களில் மூத்தவர் என்று அர்த்தம். சம்பளம் இல்லாத வேலை. ஆட்களின் வீட்டு மேசையில் இருந்து படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான். ஆகவே கேட்டறிந்து சொல்லவில்லை, செய்ததைச் சொல்கிறேன்.

மூன்று கடிதம் வருவதற்குக் காரணம் வரலாறு. 1889இல் பிஸ்மார்க் காலத்தில் சட்டம் போட்டு 1891 ஜனவரியில் தொடங்கிய காப்புறுதி இது. அப்போது 70 வயது ஆனவர்களுக்குத்தான் முதுமைப் பென்சன். பிறகு உடல் உழைப்புத் தொழிலாளிக்கு ஒரு வாசல், அலுவலக, கடை வேலைக்காரருக்கு இன்னொரு வாசல் என்று ஆகிவிட்டது. தொழிலாளிகள் தங்கள் பகுதியின் காப்புறுதி நிறுவனமான எல்ஃபாவுக்குப் போனார்கள், மற்றவர்கள் பேர்லினில் இருந்த, அலுவலக வேலைக்காரருக்கான பேஎஃப்ஆ நிறுவனத்துக்கு. உங்கள் அப்பா குசினித் தொழிலாளி, டோட்முண்ட் வெஸ்ட்ஃபாலன் பகுதி, அதன் தலைமைக் கந்தோர் மூன்ஸ்ரர். அம்மா கடையில் விற்பனையாளர், அதனால் பேர்லின். ஒரே வீட்டில் ஒரே சோற்றுப் பானை, இரண்டு கந்தோர்!

2005 ஒக்டோபர் 1இலிருந்து இந்தப் பாகுபாடு இல்லை. எல்லோரும் டொச்ச ரென்ரன்ஃபெர்சிஹருங் என்ற ஒரே பெயருக்குள் வந்தார்கள். உள்ளே 16 நிறுவனங்கள். இரண்டு நாடு முழுவதற்கும்: பேர்லினில் உள்ள புண்ட், போகுமில் உள்ள, சுரங்கம், ரெயில், கப்பல் வேலைக்காரருக்கான க்னாப்ஷாஃப்ட்-பான்-சே. மீதி 14 மாநிலப் பிரிவுகள். நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் ஒரே மாநிலம் என்றாலும் அதற்குள் ரைன்லாந்து, வெஸ்ட்ஃபாலன் என்று இரண்டு பிரிவு. அப்பா கேள்னுக்கு வந்ததால் அவருடைய கணக்கு டுசுல்டோர்வில் உள்ள ரைன்லாந்து பிரிவுக்கு மாறியிருக்கிறது. மாநிலப் பிரிவுகளுக்கு இடையில் வசிக்கும் இடம்தான் தீர்மானிக்கும். உங்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் இந்தக் கணக்கே வேறு. 2005க்குப் பிறகு புதிதாகச் சேர்கிறவர்களைத் தொழில் பார்த்துப் பிரிப்பதில்லை, 55 சதவீதம் மாநிலப் பிரிவுகளுக்கு, 40 சதவீதம் புண்டுக்கு, 5 சதவீதம் க்னாப்ஷாஃப்ட்டுக்கு என்று பங்கிடுகிறார்கள்.

காசு மூன்ஸ்ரரில் நிற்கவில்லை. எங்கும் நிற்பதில்லை. சம்பளத்தில் 18.6 சதவீதம், பாதி நாங்கள், பாதி முதலாளி. முதலாளி அதை கிராங்கன்காசாவுக்கு, அதாவது நோய்க் காப்புறுதிக்கு, அனுப்புவார், அங்கிருந்து பென்சன் பக்கம் போகும். இந்த மாதம் வருகிற காசு இந்த மாதப் பென்சனுக்கே போய்விடும். அரசாங்கமும் வரிப் பணத்திலிருந்து பங்கு போடுகிறது. அப்பாவின் பெயரில் இருப்பது உண்டியல் அல்ல, புள்ளிக் கணக்கு. நாட்டின் சராசரிச் சம்பளத்தை ஒரு வருடம் எடுத்தால் ஒரு புள்ளி. 2025 யூலையில் ஒரு புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ என்று வைத்தார்கள். மூன்ஸ்ரர் என்றாலும் டுசுல்டோர்வ் என்றாலும் புள்ளி அதேதான். ஒரு சதமும் தொலையவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் காணாமல் போன 33 மாதம். இதுதான் எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் காப்புறுதி இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். 12 இடம். முதல் இரண்டு எண், இலக்கம் கொடுத்த இடம். வெஸ்ட்ஃபாலன் என்றால் 11, ரைன்லாந்து என்றால் 13. அடுத்த ஆறும் பிறந்த நாள், மாதம், வருடம். பிறகு ஒரு எழுத்து: பிறப்பிலேயே உள்ள குடும்பப் பெயரின் முதல் எழுத்து. அந்த எழுத்தில்தான் எங்கள் ஆட்கள் பலருக்குக் கரைச்சல். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததா? ஒரு வேலைத்தளத்தில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதினார்கள், அடுத்த வேலைத்தளத்தில் சொந்தப் பெயரை எழுதினார்கள். பெயர் மாறிப் பதிந்ததால் ஒரே ஆளுக்கு இரண்டு இலக்கம். நான் உதவி செய்த ஒரு அண்ணருக்கு ஏழு வருட உழைப்பு வேறொரு இலக்கத்தின் கீழே தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்க்கச் சொல்லி எழுதினோம், பழைய அகதி அட்டையின் பிரதியை வைத்தோம், சேர்த்துத் தந்தார்கள். ஆகவே அப்பாவின் பெயர் அந்தக் காலத்தில் எப்படியெல்லாம் எழுதப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, எல்லா வடிவத்திலும் தேடச் சொல்லுங்கள்.

அப்படியும் கிடைக்காவிட்டால் இரண்டாவது வழி இருக்கிறது. சம்பளத்தில் காசை வெட்டிவிட்டு முதலாளி கட்டாமல் விட்ட கதையும் உண்டு. அப்போது வேலை செய்ததையும், தன் பங்கு சம்பளத்திலிருந்து வெட்டப்பட்டதையும் நம்பும்படி காட்டினால் போதும், கட்டியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பென்சன் சட்டம், அதாவது எஸ்கேபே ஆறு, 203ஆம் பிரிவு. சம்பளத் துண்டு ஒன்றிரண்டு கிடைத்தாலே பெரிய பலம். கிராங்கன்காசாவிடமும் கேளுங்கள். கூட வேலை செய்தவர் யாராவது எழுதித் தந்தால் அதையும் வையுங்கள். கையில் காசு வாங்கிய வேலை என்றால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, அதை அப்பாவிடம் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்கான விண்ணப்பத்தின் பெயர் கொன்ரன்கிளேறுங், அதாவது கணக்கைச் சரிபார்ப்பது, படிவம் வி0100. முடிவில் ஒரு தீர்மானக் கடிதம் வரும். அதை மடித்து லாச்சிக்குள் வைக்க வேண்டாம். ஆறு வருடத்துக்கு முந்திய விபரங்கள் அந்தக் கடிதத்தோடு உறுதியாகிவிடும். பிழை இருந்தால் ஒரு மாதத்துக்குள் விடர்ஷ்புருக், அதாவது ஆட்சேபம், எழுத வேண்டும்.

ஆட்சேபம் என்றதும் எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். அரசாங்கத்தோடு சண்டை பிடிப்பதாக நினைக்கிறார்கள். இந்த இடத்தை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள் பிள்ளை. இது கம்பனியும் இல்லை, அமைச்சும் இல்லை. மாநில அமைச்சு சட்டப்படி நடக்கிறதா என்று மேற்பார்வை செய்யும், அவ்வளவுதான். நிர்வாகம் கட்டுகிறவர்களுடையது. மாநிலப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதிகள் சபை இருக்கிறது. அதில் பாதிப் பேர் எங்களைப் போல வேலை செய்கிறவர்கள் பக்கம், பாதிப் பேர் முதலாளிகள் பக்கம். வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவது அந்தச் சபை, நிர்வாகக் குழுவைத் தெரிவு செய்வதும் அதுதான். கந்தோரின் அன்றாட வேலையை மட்டும் சம்பளத்துக்கு இருக்கும் தலைமை நிர்வாகம் பார்க்கிறது. கடைசித் தேர்தல் 2023இல் நடந்தது, அடுத்தது 2029. மாநிலப் பிரிவுகளில் பெரும்பாலும் வாக்குச் சீட்டே வருவதில்லை. எத்தனை இடமோ அத்தனை பேரைத்தான் தொழிற்சங்கங்களும் மற்ற அமைப்புகளும் நிறுத்துவார்கள், அவர்கள் அப்படியே தெரிவாகிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. வாக்குச் சீட்டு வீட்டுக்கு வந்திருந்தால் அப்பா மாதிரி ஆட்களுக்கு இப்படி ஒரு சபை இருப்பதாவது தெரிந்திருக்கும்.

உங்கள் ஆட்சேபத்தை கந்தோர் தானே ஏற்காவிட்டால் அது ஒரு குழுவுக்குப் போகும். அந்தக் குழுவிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். மெஷினில் நின்று வேலை செய்த ஆள் அப்பாவின் கோப்பை வாசிப்பார். அங்கேயும் இல்லை என்றால் சமூக நீதிமன்றம், காப்புறுதி செய்தவருக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது.

றீஹா விஷயம். ஏமாற்று இல்லை. பென்சனுக்கு முதல் றீஹா என்பது சட்டத்தின் ஒழுங்கு, இதைச் செய்வதும் இதே காப்புறுதிதான். கடற்கரை என்று அப்பா சொன்னது ஒரு வகையில் சரி, ரைன்லாந்து பிரிவுக்கு போர்க்கும் தீவில் சொந்தக் கிளினிக் இருக்கிறது, வெஸ்ட்ஃபாலன் பிரிவுக்கு நோர்டெர்னை தீவில். முதுகுக்கு எங்கே அனுப்புவார்கள் என்பது வேறு. தங்கி எடுத்தால் ஒரு நாளைக்கு 10 யூரோ கட்ட வேண்டும், வருடத்துக்கு 42 நாளுக்கு மேல் வாங்க முடியாது, வருமானம் குறைவென்றால் விலக்குக் கேட்கலாம். முக்கியமானது இது: றீஹா முடிந்து, வேலை செய்ய முடியாது, றீஹாவால் பலன் இல்லை என்று தெரிந்தால், றீஹாவுக்கு விண்ணப்பித்த திகதியே பென்சனுக்கு விண்ணப்பித்த திகதியாக எடுபடும். போய் வந்ததால் காலம் வீணாகாது.

வேலையை விடக்கூடாது என்றதற்குக் காரணம்: வேலை செய்ய இயலாமைப் பென்சனுக்கு மொத்தம் ஐந்து வருடம் காப்புறுதி இருந்தால் மட்டும் போதாது. இயலாமை வருவதற்கு முந்திய ஐந்து வருடத்தில் மூன்று வருடம் கட்டாயக் காப்புறுதி இருக்க வேண்டும். கோபத்தில் விட்டுவிட்டு வீட்டில் இருந்தால் அந்தக் கணக்கு உடையத் தொடங்கும். டொக்ரரிடம் நோய்ச் சான்று எடுக்கட்டும். நோய்ப் பணம், வேலையில்லாப் பணம் எடுக்கும் காலம் பொதுவாக இந்தக் கணக்கில் சேரும்.

அப்புறம், எந்தக் கந்தோருக்குப் போவது என்று அலைய வேண்டாம். எந்த ஆலோசனை நிலையத்திலும் யாரும் கேட்கலாம், காசு இல்லை. படிவத்தைப் பிழையான இடத்தில் கொடுத்தாலும் அவர்கள் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும், கொடுத்த திகதி செல்லும்.

பனிக்கால வேம்பு எழுதியது:

கிணற்றடி அண்ணா, நல்ல விளக்கம். நான் ஸ்ருட்கார்ட்டில் எட்டு வருடம் வேலை செய்துவிட்டு கனடா வந்தவன். இங்கு பலர் ஜேர்மனியில் கட்டியதை மறந்தே போய்விட்டார்கள். கனடாவுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, அதைப் பார்ப்பது லூபெக்கில் உள்ள நோர்ட் பிரிவு. ஜேர்மனியில் ஐந்து வருடம் நிரம்பாவிட்டாலும் கனடா வருடங்களைச் சேர்த்துத் தகுதி பார்ப்பார்கள். காசு மட்டும் அந்தந்த நாட்டு வருடத்துக்குத்தான்.

கிணற்றடி எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. இப்படி நாடு நாடாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். துருக்கி என்றால் நோர்ட்பயர்ன், கிரேக்கம் என்றால் பாடன்-வூர்ட்டம்பேர்க், போலந்து என்றால் பேர்லின்-பிராண்டன்பூர்க். இலங்கையோடு ஒப்பந்தம் இல்லை, ஊரில் செய்த வேலை இங்கே கணக்கில் வராது. உங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

வடலி நிழல் எழுதியது:

அண்ணா, நன்றி சொல்ல வார்த்தை இல்லை. நேற்றிரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இலக்கத்தை எடுத்துப் பார்த்தோம், 11இல் தொடங்குகிறது. அதில் எழுத்து எஸ். அது அப்பாவின் சொந்தப் பெயர். பாஸ்போட்டில் குடும்பப் பெயராகத் தாத்தாவின் பெயர் இருக்கிறது, அது கேயில் தொடங்கும்.

அப்பா எழும்பிப் போய் கட்டிலுக்குக் கீழே இருந்த பழைய சூட்கேஸை இழுத்தார். 1992ஆம் ஆண்டுச் சம்பளத் துண்டு நான்கு இருக்கிறது. நான்கிலும் கே. நான்கிலும் ரென்ரன்ஃபெர்சிஹருங்குக்கு வெட்டிய தொகை இருக்கிறது. திங்கட்கிழமை லீவு எடுத்திருக்கிறேன், இருவரும் ஆலோசனை நிலையத்துக்குப் போகிறோம். றீஹா படிவத்திலும் கையெழுத்து வைத்துவிட்டார்.